கழுவிய காரில் டாவோஸுக்கு

கைக்குழந்தையோடு குளிர்காலத்தில் காரில் டாவோஸ் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது கடந்த ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை. காரணம் கார்தான். பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தோம். அதன் முதல் பயணம் பனிமலைக்குத்தான் என்று என் கணவர் கார்த்தி முடிவு செய்துவிட்டார்.

முதல் பயணம் என்றால் பூஜை. பூஜை என்றால் வண்டி குளித்திருக்க வேண்டும். மைனஸ் நான்கு டிகிரியில், காசு போட்டுக் கழுவும் இடத்தில், கதவிடுக்கெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அட்லிஸ்வில் முருகன் கோயிலில் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சை எல்லாம் ஆயிற்று. அங்கிருந்து டாவோஸ் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். எங்களுக்கு மூன்றரை ஆனது.

வாலன் ஏரியைத் தாண்டும்போது ஒரு லாரி வாரியடித்த சேறு முன்கண்ணாடியை மூடியது. கார்த்தி கண்ணாடி கழுவும் திரவத்தைப் பீய்ச்சினார். அதில் இருந்தது கோடைக்கான திரவம். பட்ட இடத்திலேயே உறைந்தது. அடுத்த நிறுத்துமிடம்வரை தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் ஓட்டினார். மீசை வெள்ளையாகிவிட்டது. என்னால் சிரிக்க முடியவில்லை. (இப்போதும்தான்.)

மறுநாள் காலை மைனஸ் இருபத்திரண்டு. ஹோட்டல் அறையைக் காலி செய்துவிட்டு வந்தால் காரின் நான்கு கதவுகளும் உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. முந்தின நாள் பெட்டி ஏற்றுவதற்காகத் துடைத்திருந்த டிக்கி மட்டும் திறந்தது. கார்த்தி அதன் வழியாகத் தவழ்ந்து போய் எஞ்சினை ஓடவிட்டார். உள்ளே சூடு பரவினால் கதவு இளகிவிடும் என்றார். எங்கள் ஒரு வயது மகள் யாழினி குளிரில் சிணுங்கினாள். அவளையும் உள்ளே வாங்கி இருக்கையில் கட்டினார். பிறகு வெளியே தவழ்ந்து வந்து, சூடு போகாமலிருக்க டிக்கியைச் சாத்தினார். தவழும்போது அவர் முழங்கால் பூட்டுப் பொத்தானை அமுக்கியிருக்கிறது. டிக்கியும் திறக்கவில்லை. சாவி உள்ளே.

அப்போதுதான் பின்னால் பார்த்தேன். டிக்கியில் ஏறி இறங்க மிதித்த பனியே புகைக்குழாயை அடைத்திருந்தது. புகை உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் படித்துப் படித்துப் பயப்படுகிறவள் நான். கையாலேயே தோண்டினேன். யாழினியின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. தூக்கமா, மயக்கமா?

பக்கத்துக் காரில் பனி சுரண்டிக்கொண்டிருந்த பெண் எங்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். இங்கேயே துன் நகரில் பிறந்து வளர்ந்த ஈழத்துப் பெண் என்று பிறகு சொன்னாள்.

"அக்கா, பிள்ளை உள்ளுக்கோ?"

"ஆமாங்க! கதவு திறக்கல!"

"இந்தக் குளிருக்கை கார் கழுவினனீங்களோ?"

"கோயில் பூஜைக்கு..." என்றார் கார்த்தி.

"முருகனே கழுவச் சொன்னவர், அண்ணை?" கேட்டுக்கொண்டே தன் காரிலிருந்து சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்து வந்தாள்.

"சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டா இருபது நிமிஷத்துல வந்து..." கார்த்தி முடிக்கவில்லை.

"உடைங்க!" என்று கத்தினேன்.

குழந்தைமேல் சில்லு தெறிக்காதபடி முன்கதவு ஜன்னல் கண்ணாடியை அவளே உடைத்தாள். மூன்றாவது அடியில் நொறுங்கியது. உள்ளே ஒரு நொடி அமைதி. பிறகு யாழினி வீறிட்டாள்.

மருத்துவமனையில் புகை ஏறியிருக்கிறதா என்று யாழினிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள். காரை இழுக்க வந்தவர் கைபிரேக்கும் உறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பின்சக்கரங்கள் உருளவே இல்லை. வண்டி பனியில் வழுக்கிக்கொண்டே போனது.

போகிறவர்கள் தயவுசெய்து புறப்படும் நாளில் காரைக் கழுவாதீர்கள். கழுவியே ஆகவேண்டுமென்றால் கதவு ரப்பரை நன்றாகத் துடையுங்கள். குளிர்காலத் திரவம் ஊற்றுங்கள். சமதளத்தில் கைபிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள். எஞ்சினை ஓடவிடும் முன் புகைக்குழாயைப் பாருங்கள். குழந்தையைக் கடைசியில் ஏற்றுங்கள்.

திரும்பியது ரயிலில். ரயில் மாறும் லாண்ட்குவார்ட் நிலையம்வரை யாழினி தூங்கினாள். நான் இரண்டு முறை அவள் பாதத்தைக் கிள்ளி அழவைத்தேன். எதிரில் இருந்த பெண்மணி முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.