பஸ் ஸ்டாண்டில் நான் அமெரிக்காவாக இருந்த காலம்

ஐம்பதுகளில், ஓசூர் பஸ் ஸ்டாண்டில், இரண்டரை வருஷத்துக்கு மேல் நான் அமெரிக்காவாக இருந்தேன். பணக்கார அமெரிக்கா அல்ல. முதல் உலகப் போர் மூண்டபோது, "அது ஐரோப்பாக்காரன் சண்டை, நமக்கென்ன வந்தது" என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்த அமெரிக்கா. அவர்களுக்கு நடுவில் ஒரு மகா சமுத்திரம் இருந்தது. எனக்கு ஒரு ரோடும் அதன் ஓரத்தில் ஒரு சாக்கடையும் இருந்தன.

ரோட்டுக்குக் கிழக்கே காப்பி கிளப். முதலாளி மைசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுவார். மேற்கே மிலிட்டரி ஓட்டல். முதலாளி பர்கூர்க்காரர், யோசிக்காமலே பேசுவார். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். எந்தக் கடை வாசலில் நிற்கிறதோ அந்தக் கடைக்குக் கூட்டம். இதற்காகத்தான் போர். டிரைவருக்கு ஒருவர் போண்டா கொடுத்தால் மற்றவர் கறிச்சோறு கொடுப்பார். கடைசியில் மேற்கத்திக்காரர் ஒரு மாட்டு வண்டியை, மாடுகளை அவிழ்த்துவிட்டு, காப்பி கிளப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பஸ் அங்கே நிற்க இடமில்லாமல் போயிற்று. ஐரோப்பாவில் சண்டை தொடங்க ஓர் இளவரசரைச் சுட வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் சிக்கனமாக முடித்துக்கொண்டோம்.

நான் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, கல்யாணம் நெருங்குவதாக இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் நேராக மாப்பிள்ளை வீட்டுக்கு வரமாட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, ஓட்டலில் உட்கார்ந்து, "இங்க ஒரு வாத்தியாரு இருக்காராமே, ஆளு எப்படி?" என்று கேட்பார்கள். ஜாதகத்தைவிட ஓட்டல்காரர் வாக்குக்கு மதிப்பு அதிகம். முன்பு வேலை பார்த்த ஊரில் மோர் புளிக்கிறதென்று ஒரு கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டிருந்தேன். வந்த வரனிடம் அவர், "நல்லவருதான், ஆனா..." என்று இழுத்திருக்கிறார். அந்த 'ஆனா'வோடு வரன் அடுத்த பஸ் ஏறிவிட்டது. அன்றிலிருந்து உள்ளூர்ச் சண்டைகளில் தலையிடுவதில்லை என்பது என் வெளியுறவுக் கொள்கை.

காலையில் கிழக்கே காப்பி, மத்தியானம் மேற்கே களி. என் கையெழுத்து தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் முத்து முத்தாக இருக்கும் என்பதால் இரண்டு கடைக்கும் பலகாரப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிக் கொடுப்பதும் நானே. பட்சபாதம் கிடையாது. கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அமெரிக்காவும் அப்படித்தான் நினைத்தது. யார் வேண்டுமானாலும் வந்து சரக்கு வாங்கலாம் என்றது. ஆனால் கடல் வழியை இங்கிலாந்து அடைத்துக்கொண்டிருந்ததால் சரக்கெல்லாம் ஒரே பக்கம் போயிற்று. எனக்கும் காப்பி கிளப்பில் டிகாக்‌ஷன் சற்றுத் தாராளமாக விழும். கிழக்குப் பலகையில் கலர் சாக்பீஸ், மேற்குப் பலகையில் வெள்ளை. இதை நான் கவனிக்கவில்லை. மேற்கத்திக்காரர் கவனித்துவிட்டார்.

ஒருநாள் காலை நான் ரோட்டைத் தாண்டும்போது மிலிட்டரி ஓட்டலிலிருந்து ஒரு வாளி எச்சில் தண்ணீர் பறந்து வந்து என் சலவை வேட்டியில் இறங்கியது. ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பலும் இப்படித்தான், யாரென்று பார்க்காமல் அடிக்கும். பிரயாணிகள் கப்பல் மூழ்கி அமெரிக்கர்கள் செத்தபோதும் அவர்களுடைய ஜனாதிபதி கண்டனக் கடிதம்தான் எழுதினார். நானும் கண்டனம் தெரிவித்தேன்.

"கொஞ்சம் பாத்து ஊத்துங்களேன்."

"அட, வாத்தியாரா! கண்ணு தெரியலீங்க. இனிமே பாத்தே ஊத்தறேன்" என்றார்.

சில மாதம் சொன்ன சொல் நின்றது. பிறகு மறுபடியும் வாளி பறந்தது. இந்தத் தடவை பார்த்தே ஊற்றினார். ஜெர்மனியும் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறியது என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்தபோது என் வேட்டி ஞாபகம் வந்தது. இருந்தாலும் பொறுத்தேன். கல்லாவியிலிருந்து ஒரு வரன் வரப்போவதாகச் சேதி வந்திருந்தது.

பெண்ணின் தகப்பனார் நல்ல விவசாயி, சந்தைக்குச் சந்தை மாடு பார்க்கிறவர். ஒரு புதன்கிழமை வந்தார். இரண்டு கடையிலும் உட்கார்ந்து விசாரித்துவிட்டு, மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ரெண்டு கடையிலயும் தங்கமான மனுசன்னாங்க" என்றார்.

நான் பணிவாகத் தலையைக் குனிந்தேன்.

"அதான் எனக்கு ரோசனையா இருக்குது. அவனுங்க ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறதில்ல. உங்கள மட்டும் ரெண்டு பேரும் நல்லவருங்கறானுங்க. தப்பா நெனைக்காதீங்க வாத்தியாரே, சந்தையில போறவன் வாறவனெல்லாம் வாயத் தொறந்து பல்லு பாத்தாலும் சும்மா நிக்கிற மாடுன்னா, ஒண்ணு நோயி, இல்ல கெழம். நானு ஊருக்குப் போயி ரோசிச்சுச் சொல்லியனுப்பறேன்."

எங்கள் பக்கத்தில் 'சொல்லியனுப்பறேன்' என்றால் சொல்லமாட்டேன் என்று அர்த்தம். நாலு மணி பஸ்ஸுக்கு அவர் நடந்தார். இரண்டரை வருஷம் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பெயர் என்னைக் கவிழ்த்துவிட்டது. பின்னாலேயே போய்க் காப்பி கிளப்பில் உட்கார்ந்தேன்.

முதலாளி காப்பியை அவரே கொண்டுவந்து வைத்து, குரலைத் தாழ்த்தினார். "மேஷ்ட்ரே, சொன்னா வருத்தப்படுவீங்க."

"ஏற்கெனவே பட்டுக்கிட்டுதான் இருக்கேன். சொல்லுங்க."

சண்டை முதலாளிகளுக்குத்தான். இரண்டு கடை சப்ளையர்களும் பின்பக்கம் ஒரே பீடியைப் பிடிக்கிறவர்கள். அந்த வழியில் வந்த ரகசியம் இது: மேற்கத்திக்காரர் என்னைத் தங்கம் என்று சொல்லிவிட்டு, கல்லாவிக்காரரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், "வாத்தியார உடுங்க. எங்க அக்கா மவன் இருக்கான். அவனுக்குப் பொண்ணக் குடுங்க, உங்க பங்காளிகிட்ட போன கெணத்து நெலத்த நான் மீட்டுத் தர்றேன்" என்றிருக்கிறார்.

அசந்துபோனேன். அன்று காலைதான் வகுப்பில் அந்தத் தந்தியை நடத்தியிருந்தேன். ஜெர்மன் மந்திரி மெக்சிகோவுக்கு ரகசியமாக அடித்த தந்தி: அமெரிக்காவோடு எங்களுக்குச் சண்டை வந்தால் நீங்கள் எங்கள் பக்கம் சேருங்கள், அவர்களிடம் நீங்கள் இழந்த நிலத்தை மீட்டுக்கொள்ள உதவுகிறோம். அதை இடைமறித்துப் படித்த இங்கிலாந்து, அக்கறையோடு அமெரிக்காவிடம் காட்டியது. பொய்த் தந்தி என்று பலர் சொன்னார்கள். மந்திரியே "நான் அடித்ததுதான்" என்று ஒத்துக்கொண்டார். இவ்வளவு அசட்டு மந்திரி உலகத்தில் இருப்பாரா என்று பையன்கள் சிரித்தார்கள்.

ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டேன். "எனக்குப் பாத்த பொண்ணு விஷயத்துல ஏதோ சொன்னீங்களாமே?"

"ஆமா, சொன்னேன். அதுக்கு இன்னா இப்ப?" என்றார் பர்கூர்க்காரர், தட்டுக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லாவிக்காரரும் பார்த்தார். தூரத்தில் ஹாரன் கேட்டது.

போர்ப் பிரகடனம் எழுத அமெரிக்க ஜனாதிபதிக்கு அவகாசம் இருந்தது. எனக்கு இல்லை. விறுவிறுவென்று திரும்பிப் போய், காப்பி கிளப் வாசலை அடைத்துக்கொண்டிருந்த மாட்டு வண்டியின் நுகத்தடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். வண்டி அசையவில்லை. இன்னொரு இழு. சக்கரத்துக்கு அடியில் கொடுத்திருந்த கல் நழுவியது. வண்டி கடகடவென்று ரோட்டின் குறுக்கே போய், ஒரு சக்கரம் சாக்கடையில் இறங்கி, மிலிட்டரி ஓட்டல் தொட்டியை இடித்துக் கவிழ்த்தது. ஒரு நாளைய எச்சில் தண்ணீர் முழுவதும் முதலாளி மேல் ஏறி இறங்கியது.

"கண்ணு தெரியலீங்க" என்றேன். குரல் நடுங்கியது. கோபத்தால் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது.

பஸ் வந்தது. காப்பி கிளப் வாசலில் நின்றது. பத்து நிமிஷம் கழித்து, படியில் ஒரு காலை வைத்த கல்லாவிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கண்டக்டரிடம் திருப்தியாகச் சொன்னார்:

"பரவால்லப்பா, உதைக்குது."

தை மாதம் கல்யாணம். மெக்சிகோ மாதிரியே மாமனாரும் அந்த நிலத்தைப் பற்றி யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றாராம். காப்பி கிழக்கே இருந்து வந்தது, மறுநாள் கறிச்சோறு மேற்கே இருந்து வந்தது. பர்கூர்க்காரர் பந்தியில் என் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, "தங்கமான மனுசன்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார். பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த வாரத்திலிருந்து அவர் பலகைக்கும் கலர் சாக்பீஸ்.

அந்த இடத்தில் ரோடு மேற்கே நல்ல சரிவு. கல் நழுவியதும் வண்டி தானாகவேதான் உருண்டது. நான் அதை நிறுத்தத்தான் பிடித்திழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். இது என் மனைவிக்குத் தெரியும். மாமனாரிடம் இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை.