ஒரே வாய்க்காலில் இரண்டு பாத்தி

உரும்பிராய்த் தோட்டத்திலிருந்து தார் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். முழங்கால்வரை செம்மண் சேறு. பின்னால் தோட்டக்காரர் சிவராசா அண்ணையின் சத்தம் துரத்தியது.

"எங்கையடா போறாய்? வெங்காயம் அரைவாசி காயுது!"

"கிளினிக் அண்ணை. முந்தாநாளே சொன்னனான்."

"வயிறு உனக்கோ, உன்ரை மனிசிக்கோ? என்ரை மனிசி அஞ்சு பெத்தவ. நான் ஒருநாளும் ஆசுப்பத்திரி வாசல் மிதிச்சதில்லை."

"அவ கூப்பிட்டிருக்கமாட்டா அண்ணை."

"உந்த வாயோடை நாளைக்கு வேலைக்கு வராதை!"

மோட்டரை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மேசன் வேலை, பேக்கரி, கோழிப்பண்ணை என்று ஒன்றிலும் நிலைத்ததில்லை. அதுவரை சலிப்பில்தான் வேலைகளை விட்டேன். போவதற்கு ஓர் இடம் இருந்து நடந்தது அன்றுதான்.

அந்தத் தோட்டத்தில் என் வேலை தண்ணீர் மாறுவது. மோட்டர் இறைக்கும் தண்ணீர் ஒரே வாய்க்காலில் வரும். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். கவனம் பிசகினால் ஒரு பாத்தி காயும், மற்றது அழுகும்.

பஸ் தரிப்பிடத்தில் என் மனைவி சுகந்தி காத்திருந்தாள். ஐந்தாம் மாதம், பார்ப்பவர்கள் எட்டு என்பார்கள்.

"காலைக் கழுவுங்கோ. கிளினிக்கிலை வெங்காயம் நடப் போறியளோ?"

முதல் ஸ்கானிலேயே இரட்டை என்று தெரிந்தது. ஒரு கரு இரண்டாகப் பிரிந்தது. இருவருக்கும் ஒரே சூல்வித்தகம். தாயிடமிருந்து பிள்ளைக்குச் சத்துக் கொண்டுபோகும் உறுப்பு அது. "ஒரே கோப்பையிலை சாப்பிடுறதுகள், பிறந்தாப் பிறகும் சண்டை பிடியாதுகள்" என்று சுகந்தி எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். எனக்கும் சந்தோசம்தான்.

போன ஸ்கானில் ஒரு பிள்ளையைச் சுற்றி நீர் கொஞ்சம் அதிகம், மற்றதுக்குக் குறைவு. அன்றுதான் டொக்டர் அம்மா எங்களை இருத்தி விளங்கப்படுத்தினார்.

"ஒண்டைப் பங்கு போடுறதுதான் ஆபத்து. உள்ளுக்கை ரெண்டு பேற்றை ரத்தக்குழாயும் தொடுபட்டிருக்கும். சில வேளை ஒரு பிள்ளையின்ரை ரத்தம் மற்றதுக்குக் கூடப் போகும்."

"கூடக் கிடைக்கிற பிள்ளைக்கு நல்லம்தானே?"

"இல்லை. குடுக்கிறது மெலியும், வாங்கிறதின்ரை இதயம் களைக்கும். ரெண்டுக்கும் ஆபத்து."

அழுகும் பாத்தி எனக்குத் தெரியும்.

"அப்ப உள்ளுக்கை ஆர் டொக்டர் தண்ணி மாறுறது?"

அவர் சிரித்தார். "ஆரும் இல்லைத் தம்பி. அதுதான் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நாங்கள் எட்டிப் பாக்கிறம். எல்லாருக்கும் உப்பிடி வாறதில்லை. வந்தாலும் நேரத்தோடை கண்டால் வைத்தியம் இருக்கு, கொழும்புக்கு அனுப்புவம். ஒரு ஸ்கானும் தவறவிடாதையுங்கோ."

அந்த அடுத்த ஸ்கானுக்குத்தான் இப்போது போனோம். டொக்டர் கருவியை வயிற்றில் வைத்து, திரையில் இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறி அளந்தார். சுகந்தி என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"வித்தியாசம் கூடேல்லை" என்றார் கடைசியில். "ரெண்டு பேற்றை சலப்பையிலையும் மூத்திரம் சேர்ந்திருக்கு, ரெண்டுக்கும் ரத்தம் காணுது. நல்ல அடையாளம். ஆனால் கண்ணை எடுக்கேலாது. வயிறு திடீரெண்டு பெருத்து இறுகினால், மூச்சு முட்டினால் கிளினிக் நாள் பாக்காமல் வாங்கோ. பத்து மாதமும் விடமாட்டம், முந்தியே எடுப்பம்."

திரும்பும் பஸ்ஸில் சுகந்தி கேட்டாள்: "வேலை இருக்கோ?"

"இல்லை."

"நல்லம். அடுத்த கிளினிக்குக்கும் வருவியள்."

மறுநாள் காலை சுன்னாகம் சந்தைக்குப் போனேன். மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் பவளம் அக்காவுக்கு மூட்டை தூக்க ஆள் தேவைப்பட்டது. முன்பெல்லாம் வேலை கேட்கும்போது சாப்பாடு உண்டா என்றுதான் முதலில் கேட்பேன். வீட்டில் பிள்ளை எதிர்பார்த்திருக்கும் தம்பிமார் அன்று நான் கேட்டதைக் கேளுங்கள்.

"கிளினிக் நாளிலை விடுவியளோ அக்கா? இரட்டைப் பிள்ளையள். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா."

"இரட்டை வாழைப்பழம் திண்டவளோ?"

"பழத்தாலை இல்லையக்கா. ஒரு கரு ரெண்டாப் பிரிஞ்சது."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"கிளினிக்குக்குப் போட்டு வா. உருளைக்கிழங்கு எழும்பி ஓடாது. இப்ப அந்த லொறியிலை ஏறு."

ஏறினேன்.