ரேடியேட்டரில் நான் கொட்டிய மஞ்சள்

சகோதர சகோதரிகளே, நான் செய்த தப்பைச் சொல்லாமல் கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல முடியாது. அதனால் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

சிங்கப்பூருக்குச் சுயாட்சி வந்ததற்கு அடுத்த வருடம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பஸ் பட்டறையில் நான் மெக்கானிக். பஸ் எஞ்சின்கள் சூடேறாமல் பார்ப்பது என் பொறுப்பு. ரேடியேட்டர் தண்ணீர், ரப்பர் குழாய், காற்றாடி பெல்ட் எல்லாவற்றையும் நான் தொட்டுப் பார்த்த பிறகுதான் காலையில் வண்டிகள் கிளம்பும். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

பெரிய வியாழன் அன்று, உட்லண்ட்ஸ் வரை ஓடும் ஒரு வண்டியின் ரேடியேட்டர் கசிந்தது. கழற்றி, ஈயம் வைத்து அடைக்க வேண்டும். மூன்று மணி நேர வேலை. எனக்கோ மாலை ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. பாடகர் குழுவில் நானும் ஒருவன். நடுவழியில் கசிந்தால் நம் ஆட்கள் ஒரு கைவைத்தியம் செய்வார்கள். ஒரு கரண்டி மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றினால் அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். வண்டி பட்டறைக்கு வந்து சேரும்வரைதான் அது தாங்கும். நான் மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி முழுவதையும் கொட்டினேன். கசிவு நின்றது. ஃபோர்மனிடம் "வண்டி ரெடி" என்று சொல்லிவிட்டுக் கர்த்தரைப் பாடப் போனேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் புனித வெள்ளி. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். பட்டறை ஆள் ஒருவர் சைக்கிளோடு நின்றார்.

"அண்ணே, டிரைவர் கோவிந்தசாமி அண்ணன் மூஞ்சியில கொதிதண்ணி அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரியில கெடக்குறாரு."

உட்லண்ட்ஸ் போகும் வழியில், புக்கிட் தீமா ஏற்றத்தில் அந்த வண்டி கொதித்திருக்கிறது. ஏனென்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு மஞ்சளும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டது. தண்ணீர் சுற்றிவர வழியில்லை. கோவிந்தசாமி அண்ணன் இறங்கி, சாக்கைப் போட்டு மூடியைத் திருகியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவர் முகம் முழுக்கக் கட்டு. மனைவி லட்சுமி அவருடைய சட்டையை மடியில் வைத்திருந்தார்.

"யாரோ புண்ணியவான் ஒடனே மஞ்சள் போட்டுவிட்டிருக்காங்க அண்ணே. சட்டையெல்லாம் மஞ்சள். அவங்க நல்லாருக்கணும். திங்கக்கெழமை கட்டு அவுப்பாங்களாம். கண்ணு தெரியுமான்னு இப்ப சொல்ல முடியாதாம். உங்க சாமிகிட்டயும் வேண்டிக்குங்க."

அது நான் ரேடியேட்டரில் கொட்டிய மஞ்சள். ஓடி வந்துவிட்டேன்.

அன்று இரவும் மறுநாளும், "ஆண்டவரே, அவர் கண்ணைக் காப்பாற்றும். அப்புறம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்று அழுதேன். ஈஸ்டர் காலையில் எல்லோரும் பாடினார்கள். என் வாய் திறக்கவில்லை. தேக்கா மார்க்கெட்டில் மீனுக்குப் பேரம் பேசுவது போலக் கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பாதி ஆராதனையில் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். லட்சுமி சட்டையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். 

"போயிட்டு நாளைக்கு வாங்க" என்றார் கோவிந்தசாமி அண்ணன்.

திங்கட்கிழமை கட்டை அவிழ்த்தார்கள். ஒரு கன்னமும் கழுத்தும் வெந்திருந்தன. இமைகள் வீங்கியிருந்தன. அவர் மெல்லக் கண்ணைத் திறந்து, "லட்சுமி, ஏன் இப்படி எளச்சுப் போயிட்ட?" என்றார். 

நேராகப் பார்த்திருந்தால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்றார் டாக்டர்.

"மூடியத் திருகிக்கிட்டு இருந்தேன்" என்றார் கோவிந்தசாமி அண்ணன். "அப்பப் பாத்து, ரோட்டோரம் நின்ன ஒரு மலாய்க்கார அம்மா இந்த பஸ் கிராஞ்சி போகுமான்னு கேட்டாங்க. பதில் சொல்லத் திரும்புனேன். மூடி பிச்சுக்கிச்சு."

பிறகு என்னைப் பார்த்தார். "கோவம் இன்னும் போகல. ஆனா இனிமே என் வண்டித் தண்ணிய நீங்கதான் பாக்கணும். மத்தவனவிட நீங்க பயந்து பாப்பீங்க."

ஃபோர்மனிடமும் சொன்னேன். ஆறு மாதம் வண்டி கழுவ விட்டார், மறுபேச்சில்லாமல் கழுவினேன். அதன் பிறகு நான் வேலை பார்த்த காலமெல்லாம், ரேடியேட்டரின் அடியிலுள்ள குழாயைத் திறந்து பழைய தண்ணீரை வடித்து, தெளிந்த தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பார்க்காமல் ஒரு வண்டியையும் "ரெடி" என்று சொன்னதில்லை.

பிரியமானவர்களே, உங்கள் தப்பை மறைத்துக்கொண்டு ஜெபிக்கிறீர்களா? மறைக்காதீர்கள். கர்த்தரிடம் போங்கள், பயப்படாதீர்கள். நான் கண்ணீர் விட்டது வெள்ளிக்கிழமை இரவிலிருந்துதான். வண்டி கொதித்தது அன்று மத்தியானம். அப்போது நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. கோயிலில் மற்றவர்களோடு பாடிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில், நான் செய்ததை அறிந்த ஒரே ஒருவர், புக்கிட் தீமாவில் கோவிந்தசாமி அண்ணனின் முகத்தைத் திருப்பிவிட்டார்.