கியரை விடாத கை

என் கை நடுங்குகிறது என்பதை நான் கடைசியாகத்தான் நம்பினேன். அதற்கு முன்பு ஜீப்தான் நடுங்குகிறது என்று உறுதியாக நம்பி, வீல் அலைன்மென்ட் பார்த்து, முன்டயர் இரண்டையும் மாற்றியிருந்தேன். மெக்கானிக் ஓட்டினால் ஸ்டியரிங் ஆடவே இல்லை. அவன் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் வீட்டில் டீ கிளாஸைத் தூக்கினேன். பாதி டீ சட்டையில். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டு வந்திருந்த மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, கிளாஸுக்கும் அலைன்மென்ட் பாக்கணுமோ?"

பயம் பிடித்துக்கொண்டது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் பக்கத்து லயத்தில், பார்க்கின்சன் வந்து, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாமல் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். எனக்கும் அதேதான் என்று நானே தீர்ப்பெழுதி, ஜீப்பை விற்க ஆளும் பார்த்துவிட்டேன். சித்திரபுரத்துக்கு மேலே எங்கள் எஸ்டேட்டிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கும், பிரசவ வலி கண்ட பெண்களை ஆஸ்பத்திரிக்கும் இறக்கிய வண்டி அது. ஒரு வளைவில்கூடப் பாறையை உரசியதில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் நான் தமாஷ் பண்ணுவதில்லை.

மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இடது கை விரலில் சின்னக் கருவி ஒன்றை ஒட்டினார்கள். கை ஆடுவது திரையில் கோடாக ஓடும். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா கிடக்கும்போது வரும், இன்னொரு வகை கையைத் தூக்கிப் பிடித்தால் வரும், பார்வைக்கு இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம் என்றார் டாக்டரம்மா.

கையை மடியில் போடச் சொன்னார். போட்டேன். கோடு துள்ளியது.

"ஜீப்பை இன்னைக்கே குடுத்துரலாம்" என்றேன் கூட வந்திருந்த மனைவியிடம்.

டாக்டரம்மா திரையை விட்டுவிட்டு என் இடது கையைப் பார்த்தார். அது மடியைத் தொடாமல் அந்தரத்தில், எதையோ பிடித்தபடி நின்றது.

"சேட்டனுக்கு எந்தா ஜோலி?" என்று மலையாளத்தில் என் வேலையைக் கேட்டார்.

"ஜீப் ஓட்டுதாரு" என்றாள் மனைவி. "தூங்கும்போதுகூட கியரை விடமாட்டாரு."

"கியரை விடுங்க சேட்டா. வண்டி நின்னாச்சு."

விட்டேன். கை மடியில் விழுந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மனம் வேறு வேலையில் இறங்கினால் ஒளிந்திருக்கும் நடுக்கம் வெளியே வருமாம். கணக்கு கண்டபடி தப்பியது. கோடு மட்டும் புது ரோடுபோல் நேராகக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறாத எனக்கு, அந்தக் கையை நினைத்து அப்படி ஒரு கர்வம். கையை நீட்டியபோதுதான் கோடு மறுபடி துள்ளியது. சாதாரண நடுக்கமென்றால் எடை கட்டினால் வேகம் குறையுமாம்; மணிக்கட்டில் எடை கட்டியும் இதன் வேகம் மாறவில்லை.

பார்க்கின்சன் இல்லை, கையைத் தூக்கினால் வரும் அந்த இன்னொரு வகைதான், எசென்ஷியல் ட்ரெமர் என்று எழுதினார். மாத்திரையில் நடுக்கம் குறைகிறதா என்று பார்த்த பிறகு வண்டி ஓட்டலாம் என்றார். குறைந்தது. ஜீப்பை விற்கவில்லை. எஸ்டேட் பிள்ளைகளை இப்போதும் நான்தான் பள்ளிக்கு ஏற்றிப் போகிறேன்.