முப்பத்திநாலு மாட்டுங்கண்ணே!

கார்புரேட்டர் மாத்துற தொழில்ல ஸ்பேனருக்கு முன்னாடி தேயுறது வாய்தான். ஸ்பேனர் பிடிச்சுப் பொழைக்கிற அம்புட்டு பேருக்கும் இது தெரியும். வந்தவர் ஒண்ணைக் கேப்பாரு, வண்டி வேறொண்ணைக் கேக்கும், நடுவுல நின்னு திட்டு வாங்குறது நாம. நான் வண்டி பக்கம் நிக்கிற ஆளு. அவனியாபுரத்துல இருபது வருசமா அப்படித்தான் நிக்கிறேன், இனிமேலும் அப்படித்தான் நிப்பேன்.

ஸ்டிக்கர்

கப்பலூர்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசரா இருக்குற தம்பி ஒருத்தர் நூத்தம்பது சிசி வண்டியோட வந்தாரு. வேகத்துக்காக இஞ்சினைப் பிரிச்சுக் கொஞ்சம் ஏத்திக் கட்டியிருந்தாரு. "முப்பத்திநாலு எம்எம் மாட்டுங்கண்ணே"ன்னாரு. கார்புரேட்டர் வாயோட அகலம் அது. வண்டிக் கம்பெனியில இருந்து வந்ததே இருபத்திநாலுதான். எதுக்குய்யா முப்பத்திநாலுன்னு கேட்டேன். அவர் பிரண்டு முப்பது போட்டிருக்கானாம். இம்புட்டுதான் காரணம்!

பொறுமையாச் சொன்னேன். கார்புரேட்டர்ங்கிறது காத்தும் பெட்ரோலும் கலந்து இஞ்சினுக்குள்ள போற வாய். வாய் அகலமானா காத்து மெதுவாப் போகும், மெதுவாப் போற காத்து பெட்ரோலை ஒழுங்கா இழுக்காது. ரேஸ் டிராக்ல முழுசா முறுக்கிக்கிட்டே ஓட்டுறவனுக்கு அது சரி. நீ ஓட்டுறது கம்பெனிக்கும் வீட்டுக்கும், நடுவுல நாலு சிக்னல், பத்து ஷேர் ஆட்டோ, ரெண்டு மாடு. உனக்கு இருபத்தாறு போதும். மாட்டுனா அதைத்தான் மாட்டுவேன், இல்லாட்டி வண்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்புன்னேன். மனுசன் பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னாரு: "உள்ள இருபத்தாறே இருக்கட்டும்ணே, வெளிய முப்பத்திநாலுன்னு ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக் குடுத்துருங்க."

பாலாடை

கடை எனக்கு மட்டும் சொந்தமில்ல. என் தங்கச்சி வீட்டுக்காரன் வீரணனும் நானும் கூட்டு. கல்யாணத்துக்கு முன்னாடியே சேக்காளிங்க, அதனால மரியாதையெல்லாம் கிடையாது. இஞ்சின் கட்டுறது அவன், கார்புரேட்டர் நான். அவனை மாதிரி இஞ்சின் கட்ட மதுரையில ஆள் இல்ல, எதிர்த்து எவனாவது சொன்னா சண்டைக்கே போவேன். ஆனா ஒரு வாரம் உக்காந்து அவன் கட்டுனதுக்கு நான் சின்ன கார்புரேட்டரை மாட்டுனா, பெத்த பிள்ளையை எவனோ கிள்ளுன மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான்.

ஒருநாள் வாடிக்கைக்காரங்க முன்னாடியே கத்திட்டான். கேட்டதை மாட்டிக் குடுக்காம இனிமே ஒரு ஆளைத் திருப்பி அனுப்புனா, கப்பலூர்ல தனியா ஷெட் போட்டுக்கிட்டுப் போயிருவேன்னான். போடான்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தான் யோசிச்சேன். கடை ரெண்டானா பொழைச்சுக்கலாம். ஆனா குடும்பம் ரெண்டானா தங்கச்சி எந்தப் பக்கம் நிப்பா? அவன் கையைத் தொடச்சுக்கிட்டே போற போக்குல சொன்னான்: "குஸ்தி பயில்வானுக்குப் பச்சப்பிள்ளைப் பாலாடையில பால் ஊத்துற ஆளுடா மச்சான் நீ!"

பின்சீட்டு

அதுக்கப்புறம் நான் ஒரு சட்டம் போட்டேன். கார்புரேட்டர் மாத்துறவங்க, பின்னாடி வழக்கமா உக்காருற ஆளையும் கூட்டிக்கிட்டு வரணும். ரெண்டு பேருமாப் பக்கத்து மேம்பாலத்துல ஏறி, பாதி ஏத்தத்துல நின்னு, திரும்பக் கெளப்பிப் பாக்கணும். ரிங் ரோட்டுல ஒத்தையா முறுக்குனா எந்த ஓட்டை வண்டியும் பறக்கும்ல? ஊரே சிரிச்சுச்சு. 'பொண்டாட்டியோட வா கடை'ன்னு பேரே வச்சாங்க. வச்சுக்கங்கடான்னு விட்டுட்டேன்.

ஜவுளி யாவாரம் பாக்குற சௌராஷ்டிரக்காரர் ஒருத்தர் வந்தாரு. வேற எங்கேயோ முப்பது மாட்டியிருந்தாங்க. கெளம்பும்போதெல்லாம் திணறி, அப்புறம் குபீர்னு பாயுற வண்டி. இருபத்தாறை மாட்டி, பெட்ரோல் அளவைச் சரி பண்ணி, சம்சாரத்தோட பாலத்துக்கு அனுப்புனேன். திரும்பி வரும்போது ரெண்டு பேரும் அவங்க பாஷையில காரசாரமாப் பேசிக்கிட்டு வந்தாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியல, சோலி முடிஞ்சதுன்னு நெனச்சேன். அந்தம்மா எறங்கி என்கிட்டத் தமிழ்ல சொன்னாங்க: "முன்ன மாதிரி சத்தம் இல்லைங்குறாரு இவரு. எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் எனக்குக் கழுத்து வலிக்கல, இதையே வச்சிருங்கண்ணே."

தப்பு என்னோடது

இதையும் சொல்லித்தான் ஆகணும். நாகமலை புதுக்கோட்டையில தங்கி ஆராய்ச்சி படிக்கிற பிள்ளை ஒண்ணு, பின்சீட்டுக்கு ஆளே கிடையாதுன்னு ஒத்தையா வந்துச்சு. வீரணன் கட்டுன இஞ்சின், பெரிய பிஸ்டன் எல்லாம் போட்டது. ஒரு தாள்ல கணக்குப் போட்டுக் கொண்டாந்து, முப்பது வேணும்ணேன்னுச்சு. நான் தாளைத் திரும்பிக்கூடப் பாக்கல. இருபத்தாறைத் தூக்கி மாட்டிட்டேன்.

பத்து நாள்ல திரும்பி வந்துச்சு. அது ஓட்டுறது முழுக்க நாலு வழிச்சாலை, அதுவும் ஒத்தையா. எண்பதைத் தாண்டுனா இஞ்சினுக்கு மூச்சு முட்டுது. தாளை வாங்கிப் பாத்தேன், கணக்கு சரி. முப்பதை மாட்டுனதும் வண்டி கிழிச்சுக்கிட்டுப் போச்சு. வீரணன் ஓரமா நின்னு சிரிச்ச சிரிப்பு இருக்கே! தப்புன்னா ஒத்துக்குவேன், அதுக்கு வெக்கப்படுற ஆளு நான் இல்ல. ஆனா அந்தப் பிள்ளை கெளம்பும்போது சொன்னது இன்னும் சுடுது: "எல்லாருக்கும் பெருசு வேணாம்னு சொல்லியே பழகிட்டீங்கண்ணே, நான் எங்க ஓட்டுறேன்னு ஒரு வார்த்தை கேக்கவே இல்ல."

மேம்பாலம்

தன் இஞ்சினுக்கே நான் இப்படிப் பண்ணிட்டேன்னு, மறுநாளே வீரணன் சொன்னபடி போயிட்டான். கப்பலூர்ல ஷெட், சொந்த வண்டிக்கு முப்பத்திநாலு, அதை ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சான். தங்கச்சி பாண்டீஸ்வரி போன் பண்ணுவா. "சாப்பிட்டியாண்ணே"ங்குறதோட நிறுத்திக்குவா. அவனைப் பத்தி நானும் கேக்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டா. அந்த ஒரு மாசம் எனக்குச் சோறு எறங்கல. அதுக்காக முப்பத்திநாலை எடுத்து மாட்டிருவேனா? ஒருத்தனுக்கும் மாட்டல.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, கல்யாண வீட்டுக்குக் கெளம்புன சேலையோட, பாண்டீஸ்வரி மட்டும் ஷேர் ஆட்டோவுல வந்து எறங்குனா. நடந்ததைச் சொன்னா. ரெண்டு பேருமா வண்டியில வரும்போது மேம்பாலத்து ஏத்தத்துல முன்னாடி போன பஸ் நின்னுருக்கு, இவங்களும் நின்னுருக்காங்க. திரும்பக் கெளப்ப வீரணன் முறுக்குறான், முறுக்குறான், வண்டி முக்கி முக்கி அணைஞ்சு போகுது. பின்னாடி வரிசையா ஹாரன். எனக்கு வந்துச்சே ஒரு சிரிப்பு! சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துருச்சு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அவ கையைக் காட்டி நிறுத்துனா: "அவரு வண்டியைத் தள்ளிக்கிட்டு இங்கதான் வாராரு. இருபத்தாறை எடுத்து மேசை மேல வச்சுட்டு நீ டீ குடிக்கப் போயிருண்ணே, நீ ஒரு வார்த்தை பேசினாலும் அவரு திரும்பப் போயிருவாரு."

எதிர்த்த டீக்கடையில நாலு டீ குடிச்சுக்கிட்டு, வீரணன் தானே ஸ்பேனரை எடுத்து இருபத்தாறை மாட்டுறதைப் பாத்துக்கிட்டு, கடைசி வரைக்கும் வாயை மூடியே இருந்தேன் பாருங்க, இருபது வருசத் தொழில்ல அம்புட்டு கஷ்டமான வேலையை நான் செஞ்சதே இல்ல.