சைலன்ட்டாக இன்ஸ்டால் செய்ய மாட்டேன்!

போன மாதம் மூன்று நாள், நாற்பத்தாறு லாப்டாப்புகளோடு குடித்தனம் நடத்தினேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு... திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் ஓர் ஆபீஸில் நான் சிஸ்டம் அட்மின். மருத்துவமனைகள் அனுப்பும் இன்ஷூரன்ஸ் படிவங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் ஆபீஸின் வேலை. ஏற்றுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். நகரி, புத்தூர், திருச்சானூர் என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டர் பத்து நிமிடம் நின்றாலும் என் பெயர் நாறிப்போகும்.

அந்தப் பெண்கள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றைத்தான் — வீட்டிலிருந்தே வேலை. அது ஒருவழியாகக் கிடைத்தது. ஆளுக்கொரு லாப்டாப். வெள்ளிக்கிழமை கையில் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் பதினோரு சாஃப்ட்வேர் இருக்க வேண்டும்.

ஒரு சாஃப்ட்வேரை ஏற்றுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, நெக்ஸ்ட், ஃபினிஷ். அதைப் பதினோரு முறை. அப்புறம் அடுத்த லாப்டாப். விரல் தேய்ந்துவிடாதா?

தேயாமல் இருக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. கமாண்ட் லைன் — அந்தக் கறுப்பு ஜன்னல். சாஃப்ட்வேரின் பெயரை அதில் டைப் செய்து, பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு, ஓரிரு எழுத்து சேர்த்தால் போதும். ஒரு கேள்வியும் கேட்காமல் தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதற்குப் பெயர்தான் சைலன்ட் இன்ஸ்டால்.

சிலவற்றுக்கு ‘எஸ்’ போட வேண்டும். அதுவும் பெரிய எஸ். சின்ன எஸ் போட்டால் மதிக்காது. சிலவற்றுக்கு ‘க்யூ என்’. இன்னொரு வகை இருக்கிறது... அதனிடம் ‘சைலன்ட்’ என்று சொன்னால் பாதி வாயைத்தான் மூடும். ‘வெரி சைலன்ட்’ என்று அதட்டினால்தான் முழுசாக அடங்கும். (இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் டைப் செய்ய வேண்டும்.)

பதினோரு வரியை ஒரே ஃபைலில் எழுதி ஓடவிட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வந்திருக்கும். பூஜ்யம் என்றால் வெற்றி. பூஜ்யம் வாங்கிச் சந்தோஷப்படும் கூட்டம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

புதன்கிழமை மத்தியானம் எங்கள் மேனேஜர் சுதாகர் ஒரு பென் டிரைவோடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சொந்த ஊர் சித்தூர் பக்கம். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மறுபடியும் தெலுங்கு.

“மேடம், இது பன்னிரண்டாவது. ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கு. இதையும் சேத்து சைலன்ட்டா போட்டுடுங்க.”

“என்ன சார் இது?”

“ஏதோ செக்யூரிட்டி... போட்டுடுங்க, அவ்ளோதான்.”

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் முதலில் ஒரே ஒரு மெஷினில், எந்த எழுத்தும் சேர்க்காமல், சாதாரணமாக ஓடவிடுவேன். திரையில் வரும் ஜன்னல் ஒவ்வொன்றையும் படிப்பேன். இந்தப் பழக்கம் புத்திசாலித்தனத்தால் வந்ததில்லை. ஒரு பாவத்தால் வந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். படிக்காமலே எல்லா கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன். யார் எத்தனை நிமிடம் கீபோர்டைத் தொடாமல் இருக்கிறார்கள் என்று எண்ணி மேலே அனுப்புகிற சாஃப்ட்வேர் அது. அப்போது மல்லிகா என்று ஒரு பெண் இருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அடிக்கடி எழுந்து பாத்ரூம் போவாள். ஒருநாள் மீட்டிங்கில் அவளுடைய நிமிடங்களை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினார்கள். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அதை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே, படித்தேன். மூன்றாவது ஜன்னலில் பொடி எழுத்தில் ஆங்கிலம். இந்த சாஃப்ட்வேர் ஸ்கிரீனைப் படம் பிடிக்கும். டைப் செய்வதை எல்லாம் பதிவு செய்யும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லாப்டாப் கேமராவில் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பும். கடைசி வரியில், உபயோகிப்பவரிடம் இதைச் சொல்லி அவருடைய சம்மதம் வாங்க வேண்டும் என்று இருந்தது. கீழே இரண்டு பட்டன் — ஐ அக்ரீ, கேன்சல்.

பாருங்கள்... அதை எழுதின கம்பெனியே கேட்கச் சொல்கிறது! சைலன்ட்டாகப் போட்டால் அந்தப் பக்கமே திரையில் வராது. ‘ஐ அக்ரீ’ என்று அதுவே எடுத்துக்கொள்ளும். அந்த ‘ஐ’ யார்? நாற்பத்தாறு பெண்களுக்கும் சேர்த்து, நான்.

மேனேஜர் அறைக்குப் போனேன்.

“சார், இது வீட்டுக்குப் போற லாப்டாப். கேமரா ஃபோட்டோ எடுக்குது. அவங்களுக்குச் சொல்லணும்.”

“மேடம், ஐ அக்ரீ-ய யாராவது படிக்கறாங்களா? நீங்க படிக்கறீங்களா?”

“இப்ப படிச்சேனே சார்.”

“சொன்னா பயந்துடுவாங்க. பயந்தா லாப்டாப் வேணாம்பாங்க. ஹெட் ஆபீஸ் ஒர்க் ஃப்ரம் ஹோமையே கேன்சல் பண்ணிடும். அப்புறம் அந்தப் பழி யார் மேல வரும்? மீரே... நீங்களே சொல்லுங்க.”

வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் புத்தூர் பஸ்ஸில் செல்வி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் ஆபீஸ்தான். நகரிக்காரி. கையில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வாங்கின காய்ச்சல் மருந்து.

“அக்கா, வெள்ளிக்கிழமை நிச்சயம் குடுத்துடுவாங்கல்ல?”

“குடுப்பாங்க.”

“அப்பாடா! வூட்லயே இருந்துக்கினு வேலை செஞ்சா புள்ளைய நானே பாத்துக்குவேங்கா. இப்ப பக்கத்து வூட்ல வுட்டுட்டு வர்றேன். அது துன்னுச்சோ இல்லியோன்னு நெனச்சிக்கினே டைப் பண்றேன். லாப்டாப் வைக்க ஒரு பலகை கூட அடிச்சிட்டாரு எங்கூட்டுக்காரரு. கட்டிலாண்ட.”

கட்டிலாண்ட... ஒரே அறை வீடு. பத்து நிமிடத்துக்கு ஒரு ஃபோட்டோ. அவள் குழந்தைக்குப் பால் கொடுப்பாள். குளித்துவிட்டு வந்து புடவை கட்டுவாள். அதெல்லாம் எங்கேயோ ஒரு சர்வரில் போய் உட்காரும். யாரோ ஒரு ஆள் அதைப் புரட்டிப் பார்ப்பான்.

ரேணிகுண்டா தாண்டியதும் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சொன்னால் இந்த லாப்டாப்பே இவளுக்கு இல்லாமல் போகலாம். சொல்லாவிட்டால்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வியாழக்கிழமை காலை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

“சார், நீங்க சொன்ன சாஃப்ட்வேரைப் போடறேன். ஆனா சைலன்ட்டா போட மாட்டேன்.”

அவர் ஃபோனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ‘போடறேன்’ வரைக்கும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நான் என் சீட்டுக்குத் திரும்பினேன். முதல் பதினோரு சாஃப்ட்வேரும் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. பன்னிரண்டாவதை மட்டும், லாப்டாப்பை அவரவர் முதல்முறை திறக்கும்போது ஓடுகிற மாதிரி வைத்தேன். பென் டிரைவில் அதற்கென்று எழுதியே அனுப்பியிருந்த வரியின் கடைசியில் இருந்த சாய்கோட்டையும் இரண்டு எழுத்தையும் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. டிரெய்னிங் ஹாலில் நாற்பத்தாறு பேர். ஆளுக்கு ஒரு லாப்டாப், ஒரு ஸ்வீட் பாக்ஸ். மேனேஜர் ஒரு சின்ன வாழ்த்துரை கொடுத்தார். எல்லாரும் கைதட்டி லாப்டாப்பைத் திறந்தார்கள்.

நாற்பத்தாறு திரையிலும் அந்த ஜன்னல் வந்து நின்றது.

“யாரும் எதையும் அமுக்காதீங்க” என்றேன். “முதல்ல இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்றேன்.”

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பிறகு தெலுங்கில் சொன்னேன். கேமரா என்ற வார்த்தை வந்ததும் ஹாலில் ஒரு சலசலப்பு. பத்து நிமிடம் என்றதும் அதுவும் அடங்கிவிட்டது.

முதலில் செல்விதான் வாயைத் திறந்தாள். “இன்னாக்கா சொல்ற? வூட்ல இருக்கறத ஃபோட்டோ புடிக்குமா? எங்க வூடு ஒரே ரூமுக்கா!”

மேனேஜர் வேகமாக என்னிடம் வந்தார். “ஏமண்டி இதி? சைலன்ட்னு சொன்னேன் கதா!”

“சைலன்ட்டா போட மாட்டேன்னு நானும் சொன்னேனே சார்.”

மூன்றாவது வரிசையில் பாரதி எழுந்தாள். திருச்சானூர்க்காரி. சாதாரணமாகக் குட் மார்னிங் சொல்லவே கூச்சப்படுவாள்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? உங்க லாப்டாப்லயும் இது இருக்குதா?”

மேனேஜர் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். பாரதி உட்காரவில்லை. குனிந்து கேன்சலை அமுக்கினாள். பக்கத்தில் இருந்தவள் அமுக்கினாள். அப்புறம் வரிசை வரிசையாக... டக், டக், டக். ஒரு ‘ஐ அக்ரீ’ கூட விழவில்லை.

லாப்டாப்புகளை எல்லாம் திரும்ப வாங்கிப் பூட்டிவிட்டார்கள்.

இங்கே கதையை முடித்தால் நான் வீராங்கனை. ஆனால் அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் செல்வி என்னை நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது.

“நீ சொன்னது ரைட்டுதாங்கா. ஆனா இப்ப வூட்ல வேலையே இல்லன்னுட்டா நான் இன்னா பண்றது? புள்ளைக்கு இன்னும் ஜுரம் வுடல.”

“தெரியல செல்வி” என்றேன். அன்று அவள் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

ஒன்பது நாள் அப்படியே போயிற்று. ஹெட் ஆபீஸோடு வீடியோ மீட்டிங் மேல் மீட்டிங். பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். வேலையைக் கண்காணிக்கட்டும், வீட்டைக் கண்காணிக்க வேண்டாம் — இவ்வளவுதான் அதன் சாரம். செல்வியும் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு மேலிடத்தில் பேசியவர் யார் தெரியுமா? சுதாகர்! பாரதியின் கேள்வி அவரைக் குடைந்திருக்க வேண்டும். ஒருநாள் என் சீட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டார்.

“மேடம், கேமரா இல்லாம மட்டும் போட முடியுமா?”

“முடியும் சார். அதுக்கும் ஒரு ஆப்ஷன் இருக்கு.”

நிஜமாகவே இருந்தது. அந்த வரியிலேயே எந்தப் பகுதி வேண்டும், எந்தப் பகுதி வேண்டாம் என்று சொல்ல முடியும். வேண்டாம் என்று சொல்ல எப்போதுமே ஒரு வழி இருக்கிறது. யாரும் தேடுவதில்லை, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. கேமரா கிடையாது. டைப் செய்வதைப் பதிவு செய்வதும் கிடையாது. ஸ்கிரீன் படம் மட்டும், அதுவும் வேலை நேரத்தில் மட்டும். படம் பிடிக்கும்போது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். இதையெல்லாம் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்து ஆளுக்கொரு தாள். நாற்பத்து நாலு பேர் படித்துவிட்டுச் சம்மதித்தார்கள். இரண்டு பேர் அதுவும் வேண்டாம், ஆபீஸுக்கே வருகிறோம் என்றார்கள். அது அவர்கள் இஷ்டம். இஷ்டம் என்று ஒன்று இருப்பது எவ்வளவு நல்ல விஷயம்!

செல்வி இப்போது கட்டிலுக்குப் பக்கத்துப் பலகையில்தான் வேலை செய்கிறாள். போன வாரம் ஏதோ பாஸ்வேர்ட் மறந்துபோய் ஃபோன் செய்தாள். பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. “பாரேன்க்கா, வேலையே செய்ய வுட மாட்டேங்குது” என்று அலுத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமான அலுப்பை நான் கேட்டதில்லை.

எனக்கு? அட்மின் பாஸ்வேர்டை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். இனி எதை ஏற்ற வேண்டுமானாலும் சென்னையில் இருக்கும் ஹெட் ஆபீஸிலிருந்து ஏற்றுவார்களாம். பதினாறு வருட அனுபவத்தோடு பிரிண்டருக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருக்கிறேன். வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது. மறுபடியும் அதே வரியைக் கொடுத்தால் என்ன செய்வாய் என்றால், அந்த இரண்டு எழுத்தை மறுபடியும் அழிப்பேன்.

கூடவே ஒரு மெமோவும் வந்தது. ‘உரிய அனுமதியின்றி ஊழியர்களுக்கு விஷயத்தைத் தெரியப்படுத்திய குற்றத்துக்காக’ என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் மூன்று நாளில் பதில் தரலாமாம்.

எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.