மேட்டுச் சாலையில் ஆறு கிலோவாட்

சரக்குக் கிடங்கில் அவருக்கு வைத்திருந்த பெயர் பயந்தாங்கொள்ளி. இருபத்திரண்டு வருடமாகச் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார்; ஒரு பெட்டியைக்கூடக் கீழே போட்டதில்லை. மற்றவர்கள் சர்ரென்று திரும்பும் மூலையில் அவர் நின்று, ஹாரன் அடித்து, இரண்டு பக்கமும் பார்த்த பிறகே திரும்புவார்.

அப்படிப்பட்டவர் சொந்தமாக மின்சாரக் கார் செய்யப் போகிறேன் என்றதும் மனைவிக்கே சிரிப்பு வந்தது. வாசலில் நின்ற சின்னக் காரின் எஞ்சின் இறுகிப்போய் ஒரு வருடம். கிடங்கில் கழித்துப் போட்ட, பேட்டரியில் ஓடிய ஒரு ஃபோர்க்லிஃப்ட்டின் மோட்டாரைக் கேட்டு வாங்கி வந்தார். எட்டு மாதம் ஞாயிறுதோறும் வேலை. பழைய கியர்பெட்டியை அப்படியே விட்டு, அதோடு மோட்டாரை இணைத்து, பின்சீட்டைக் கழற்றிப் பேட்டரிகளை அடுக்கினார்.

மோட்டாரின் தகட்டில் ஆறு கிலோவாட் என்று இருந்தது.

"பழைய எஞ்சின் முப்பதுன்னு சொன்னீங்க. இது ஆறை வச்சுக்கிட்டு எப்படிங்க இழுக்கும்?" என்றாள் மனைவி.

அவருக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் சமதரையில் கார் சொன்னபடி கேட்டது. மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டும் மீட்டரில் முள் எழுபது ஆம்பியரோடு நின்றது. அந்தத் துணிச்சலில்தான் ஒரு மதியம், மேட்டுக் குடியிருப்பில் இருக்கும் மச்சினி வீட்டுக்கு இருவரும் கிளம்பினார்கள்.

ஏற்றம் தொடங்கியதும் கார் தயங்கவே இல்லை. மூன்றாம் கியரில் விறுவிறுவென்று ஏறியது. "பரவாயில்லையே!" என்றாள் அவள். அவர் மீட்டரைப் பார்த்தார். முள் இருநூற்று எண்பதில் நின்றது. ஆறு கிலோவாட் மோட்டார் இவ்வளவு பலத்தை எங்கிருந்து கொண்டுவருகிறது?

இரண்டாவது வளைவில் மோட்டார் சுருளின் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. பானெட் மூடியின் விளிம்பில் மெல்லிய புகை. அவர் பதறிப்போய் மிதியிலிருந்து காலை எடுத்தார். கார் நின்று, பின்னால் நழுவியது. கண்ணாடியில் ஒரு லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். லாரி ஹாரனை அலறவிட்டு ஒதுங்கிப் போனது. மனைவி குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை முட்டுக்கொடுத்தாள்.

சுவிட்சை அணைத்துவிட்டு, கிடங்கு மெக்கானிக்கை போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"அண்ணே, தகட்டுல ஆறுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?" என்றான் மெக்கானிக்.

"அறுபது நிமிஷம்னு."

"அதாவது ஆறு கிலோவாட் எடுத்தா ஒரு மணிநேரம் சூட்டைத் தாங்கும்னு அர்த்தம். அதுக்கு மேல குடுக்காதுன்னு இல்ல. கேட்டா மூணு மடங்குகூடக் குடுக்கும், ஆனா சில நிமிஷந்தான். ஒரு மூட்டையை நாள் பூரா தூக்குற ஆளு, மூணு மூட்டையோட இருபது அடிதானே நடப்பான்? எஞ்சினுக்குப் போடுற எண்ணு வேற, அது அதிகபட்சம். எந்தக் கியர்ல ஏறுனீங்க?"

"மூணு."

"அடக் கடவுளே! ஒண்ணுல போங்கண்ணே. மோட்டார் வேகமாச் சுத்தும், அதோட விசிறியும் சுத்திச் சூட்டைத் தணிக்கும். மெதுவாப் போனா கரண்டும் குறையும்."

முக்கால் மணிநேரம் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டாரின் மேல் கையை வைத்துப் பார்த்தார். திரும்பி இறங்கிவிடலாமா? இறக்கத்தில் எஞ்சின்போல இந்த மோட்டார் இழுத்துப் பிடிக்காது. பிரேக்கை மட்டும் நம்ப வேண்டும். மேலே போனாலும் பயம், கீழே போனாலும் பயம்.

"எனக்குக் கை நடுங்குதுடி."

"நடுங்கட்டும். நான் முள்ளைப் பாத்துச் சொல்றேன், நீங்க ரோட்டைப் பாருங்க."

முதல் கியரில் கார் ஊர்ந்தது. "நூத்தி இருபது... நூத்தி முப்பது..." அவள் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய ஒருவர் அவர்களை முந்திப் போனார். சட்டை முதுகோடு ஒட்டியது. ஒவ்வொரு மூச்சிலும் கருகல் வாடையைத் தேடினார். மேலே மச்சினி வாசலில் காரை நிறுத்தியபோது ஸ்டீயரிங்கைவிட்டு விரல்கள் பிரிய மறுத்தன.

மறுவாரமே மோட்டாரில் வெப்பமானி பொருத்தி, மேலே தனியாக ஒரு விசிறியும் வைத்தார். அதன்பிறகு அந்த ஏற்றத்தில் வெப்பமானி முள் ஒருமுறையும் எல்லை மீறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வளைவில் ஓரம்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்துவார்.

"மோட்டார் சில்லுன்னுதாங்க இருக்கு," என்பாள் மனைவி.

"மோட்டாருக்கு யாரு நிறுத்துனா?" என்று நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.